ஊசி போட அங்கே... காய்ச்சலுக்கு இங்கே!

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு)

நம் ஆண்டு மலரில் காதல் கவிதை ஏழெட்டு இருக்கும், கம்ப்யூட்டர் பற்றி மூன்று கட்டுரை இருக்கும், "அரியர் வைப்பது எப்படி?" என்று ஒரு நகைச்சுவையும் கட்டாயம் இருக்கும். இதற்கு நடுவில் ஆரம்ப சுகாதார நிலையத்தைப் பற்றி ஒருத்தன் எழுத வந்தால் பக்கத்தைப் புரட்டத்தான் கை போகும். ஒரு நிமிஷம் பொறுங்கள். சட்டையை லேசாக ஒதுக்கி இடது தோளைப் பாருங்கள். சின்னதாக வட்டமாக ஒரு தழும்பு இருக்கிறதா? அது பி.சி.ஜி. ஊசி போட்ட இடம். பிறந்த கையோடு போட்டிருப்பார்கள். யார் போட்டது, எங்கே போட்டது என்று உங்கள் அம்மாவிடம் கேட்டால் பத்தில் எட்டுப் பேர் வீட்டில் "கவர்மெண்ட் ஆஸ்பத்திரிலதான்டா" என்றுதான் பதில் வரும்.

போன செமஸ்டரில் ஹாஸ்டலில் ஒரு ராத்திரி இதைப் பற்றிப் பெரிய வாக்குவாதம். டிராயிங் ஷீட்டை முடிக்க வேண்டிய நேரத்தில் நாங்கள் இப்படித்தான் ஏதாவது பேசிக்கொண்டிருப்போம். சிவில் பிரிவு நண்பன் ஒருவன் அடித்துச் சொன்னான்: "பி.எச்.சி. எல்லாம் வழியில்லாதவன் போற இடம்டா. கையில காசு இருந்தா எவன் போவான்?" அவன் அக்காவுக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. "சரி மாப்ள, குழந்தைக்குத் தடுப்பூசி எங்க போட்டீங்க?" என்று கேட்டோம். கொஞ்சம் இழுத்தான். "எங்க ஊரு பி.எச்.சி.லதான். ஆனா அது வேற, இது வேற!"

எல்லோரும் சிரித்துவிட்டோம். ஆனால் யோசித்துப் பார்த்தால் அவன் சொன்னது சரியான பேச்சு. நம் ஜனங்கள் "அரசா, தனியாரா?" என்று ஒரே முடிவாக எடுப்பதில்லை. எந்த வேலைக்கு எந்த இடம் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில் ஒரு கணக்கு இருக்கிறது. இந்தியா முழுக்க ஒன்று முதல் இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைகளில் நூற்றுக்கு 94.5 பேர் தங்கள் தடுப்பூசிகளில் பெரும்பாலானவற்றை அரசு இடத்தில்தான் போட்டிருக்கிறார்கள். தனியார் பங்கு 4 சொச்சம். அதே நாட்டில், 2017-18 தேசிய மாதிரி ஆய்வில், காய்ச்சல் தலைவலி என்று உடம்பு முடியாமல் போய் வைத்தியம் பார்த்ததில் அரசு மருத்துவமனைகளின் பங்கு கிராமத்திலேயே மூன்றில் ஒரு பங்குதான். ஏழைகள் மட்டும் போகிற இடம் என்றால் தொண்ணூற்று நாலரை எப்படி வரும்? அவ்வளவு நல்ல இடம் என்றால் மூன்றில் ஒரு பங்கு எப்படி வரும்? ஒரே ஊர், ஒரே ஜனங்கள்!

"தடுப்பூசி இலவசம், அதனால போறாங்க" என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். காய்ச்சல் மாத்திரையும் அங்கே இலவசம்தானே? அதற்கு ஏன் போகவில்லை? இலவசம் என்பது பாதிக் காரணம்கூட இல்லை என்பது என் கட்சி.

எங்கள் ஊரில் செவ்வாய்க்கிழமை என்றால் கர்ப்பிணிகளுக்குச் செக்கப், புதன்கிழமை என்றால் குழந்தைகளுக்கு ஊசி. தமிழ்நாடு பூராவும் இதே வழக்கம்தான். படிக்காத கிழவிக்குக்கூட இந்தக் கிழமைக் கணக்குத் தெரியும். புதன்கிழமை ஒரு குழந்தை வரவில்லை என்றால் சாயங்காலமோ மறுநாளோ கிராம சுகாதார செவிலியர், அதாவது நம்ம நர்ஸம்மா, வீட்டு வாசலில் வந்து நிற்பார். "ஏம்மா, ரெண்டரை மாச ஊசி என்னாச்சு? பாப்பாவுக்குச் சளியா? சளி இருந்தாலும் போடலாம், தூக்கிட்டு வா!" என்பார். அவர் கையில் ஒரு பதிவேடு இருக்கும், இப்போது செல்போனும் சேர்ந்துவிட்டது. யார் வீட்டில் யார் முழுகாமல் இருக்கிறாள், எந்தக் குழந்தைக்கு எந்த ஊசி பாக்கி என்பது எல்லாம் அதில் உண்டு.

டவுனில் இருக்கும் கிளினிக்கில் எவ்வளவு பெரிய டாக்டர் இருந்தாலும் அவருக்கு வந்தவர்களைத்தான் தெரியும். வராதவர்களைத் தெரியாது. வராதவர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போவதால் அவருக்கு என்ன வரும்படி? அதனால் அந்த வேலையை அவர் செய்யமாட்டார், அது அவர் குற்றமும் இல்லை. எந்தெந்த வேலைக்கு ஆளைத் தேடிப் போக வேண்டுமோ, மாசக்கணக்கில் கணக்கு வைக்க வேண்டுமோ, அந்த வேலைக்கெல்லாம் ஜனங்கள் சுகாதார நிலையத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நான் பார்த்தவரை இதுதான் சூட்சுமம்.

இன்னொரு காரணம் நமக்கு, அதாவது ஸ்பேனர் பிடிக்கிற ஜாதிக்கு, நன்றாகப் புரியும். தடுப்பூசி மருந்தை 2 டிகிரியிலிருந்து 8 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருக்க வேண்டும். சூடானாலும் கெடும். ஹெபடைடிஸ்-பி, பென்டாவேலன்ட் மாதிரி மருந்துகள் உறைந்துபோனாலும் கெடும். தொழிற்சாலையிலிருந்து கிளம்பி, மாநிலக் கிடங்கு, மாவட்டக் கிடங்கு எல்லாம் தாண்டி நம் ஊர்க் குழந்தையின் தொடைக்கு வந்து சேரும்வரை அந்த 2-8 அறுபடக் கூடாது. இதற்காகச் சுகாதார நிலையத்தில் ஐ.எல்.ஆர். என்று ஒரு குளிர்பெட்டி இருக்கிறது. நம் வீட்டு ஃபிரிட்ஜ் மாதிரி முன்பக்கம் கதவு கிடையாது, மேல்பக்கம்தான் திறக்கும். காரணம் தெரிகிறதா? குளிர்ந்த காற்று கனமானது, கீழேயே தங்கும். மேல்மூடியைத் திறந்தால் அது வெளியே கொட்டாது. வீட்டு ஃபிரிட்ஜில் கதவைத் திறந்தால் குளிர் அப்படியே நம் காலில் வந்து விழுகிறதே, அந்த வித்தியாசம்தான். பெட்டியின் உள்சுவரைச் சுற்றிப் பனிக்கட்டி உறை இருக்கும். 24 மணி நேரத்தில் 8 மணி நேரம் கரண்ட் இருந்தால் போதும், மீதி நேரத்தை அந்தப் பனிக்கட்டியே சமாளித்துவிடும். எங்கள் ஊர் மின்வெட்டை மனதில் வைத்துக்கொண்டு எவனோ ஒரு புண்ணியவான் டிசைன் செய்திருக்கிறான்!

காலை ஒருமுறை, மாலை ஒருமுறை உள்ளே இருக்கும் வெப்பமானியைப் பார்த்துக் குறித்து வைக்கிறார்கள். போலியோ சொட்டு மருந்துக் குப்பியின் மேல் ஒரு சின்ன வட்டம், அதற்குள் ஒரு சதுரம் இருக்கும். மருந்து சூடுபட்டால் சதுரம் கறுத்துக்கொண்டே வரும். சதுரமும் வட்டமும் ஒரே நிறமாகிவிட்டால் அந்தக் குப்பியைத் தூக்கிப் போட வேண்டும். எழுத்துத் தெரியாதவர்கூடப் பார்த்துச் சொல்லலாம். 'மெட்ராலஜி' பேப்பரில் நாம் நாலு பக்கம் எழுதுகிற விஷயத்தை ஒரு பட்டன் அளவு ஸ்டிக்கரில் முடித்துவிட்டார்கள். இந்தியாவில் கடைசி போலியோ நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் கண்டறியப்பட்ட குழந்தை. 2014 மார்ச்சில் போலியோ இல்லாத நாடு என்று சான்று கிடைத்தது. அந்தப் பெருமையில் மேல்மூடிப் பெட்டிக்கும் ஒரு பங்கு உண்டு. அந்தப் பெட்டி பழுதானால் பார்க்க ஒரு மெக்கானிக் வேண்டுமே, அது யார் வேலை? ரெஃப்ரிஜரேஷன் படிக்கிற நண்பர்கள் காதில் போட்டுக்கொள்ளவும்.

பிரசவத்துக்கு வருவோம். இதில் பணமும் ஒரு காரணம் என்பதை மறைக்க முடியாது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் உள்ள மகப்பேறு நிதியுதவி 2006-ல் 6,000 ரூபாய் ஆனது, 2011-ல் 12,000, 2018-ல் ஊட்டச்சத்துப் பெட்டகத்தோடு சேர்த்து 18,000. அதைத் தவணை தவணையாகத்தான் கொடுக்கிறார்கள். கர்ப்பத்தைப் பதிவு செய்ய வேண்டும், செக்கப்புக்கு வர வேண்டும், அரசு மருத்துவமனையில் பிரசவம் ஆக வேண்டும், குழந்தைக்கு ஊசி போட வேண்டும். "காசு கொடுத்து ஆள் சேர்க்கிறாங்க" என்று கேலி பேசுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஏழாம் மாசம் வரை களை பறிக்கப் போகிற பெண்ணுக்கு ஒவ்வொரு செக்கப்பும் ஒரு நாள் கூலி நஷ்டம். அதை யாராவது ஈடு செய்யத்தான் வேண்டும்.

ஆனால் பணத்தால் மட்டும் ஒரு பெண் தன் உயிரை ஓர் இடத்தில் ஒப்படைக்கமாட்டாள். ராத்திரி இரண்டு மணிக்கு வலி எடுத்தால் அங்கே ஆள் இருக்குமா என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி. 2000-களில் சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியர்களை முறை போட்டு 24 மணி நேரமும் இருக்க வைத்தார்கள். 2008 செப்டம்பரில் 108 வண்டி வந்தது. அதற்கப்புறம்தான் "அங்கே போனால் ஆள் இருக்கும், அவங்களால முடியலைன்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏத்தி விட்டுருவாங்க" என்ற தைரியம் வந்தது. என் பெரியம்மா மகள் முதல் குழந்தையைச் சுகாதார நிலையத்தில்தான் பெற்றாள். இரண்டாவதுக்கு ரத்த அழுத்தம் ஏறிவிட்டது என்று எட்டாம் மாசமே நர்ஸம்மா கண்டுபிடித்து மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டார். "இங்க பாக்க முடியாது, அங்க போ" என்று நேரத்தோடு சொல்வதும் ஒரு வைத்தியம்தான்!

தமிழ்நாட்டில் 2019-21 கணக்குப்படி நூற்றுக்கு 99.6 பிரசவம் மருத்துவமனைகளில்தான் நடக்கிறது. அதில் 67 அளவுக்கு அரசு மருத்துவமனைகளில். வயிற்றைக் கிழித்து எடுக்கும் பிரசவம் தனியாரில் நூற்றுக்கு 64 அளவு, அரசில் 36. அரசின் 36-ம் ஒன்றும் குறைச்சல் இல்லை, பெருமைப்பட இடமில்லை. இருந்தாலும் எங்கள் தெருப் பெண்கள் கணக்குப் போடும்போது 64-ஐயும் 36-ஐயும் பேப்பரில் பார்த்துப் போடுவதில்லை. "அவளுக்கு எங்க பாத்தாங்க, எப்படி ஆச்சு, எவ்வளவு ஆச்சு?" என்று குழாயடியில் பேசியே அதே விடைக்கு வந்துவிடுகிறார்கள். டவுனில் ஒரு நர்ஸிங் ஹோமில் பக்கத்து வீட்டு அக்காவுக்கு வந்த பில்லை அடைக்க நகை மார்வாடி கடைக்குப் போய் இரண்டு வருஷமாகியும் திரும்பவில்லை. அந்தக் கதையும் குழாயடியில் இருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை! தனியாரில் பிரசவம் பார்க்கிற வசதியான வீட்டுப் பெண்களும் சுகாதார நிலையத்துக்கு வருவது உண்டு. கர்ப்பப் பதிவு எண், 'பிக்மி' எண் என்பார்கள், அது இருந்தால்தான் குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் சிக்கலில்லாமல் கிடைக்கும். காரில் வந்து இறங்கி, மூக்கைப் பொத்திக்கொண்டு எண்ணை வாங்கிப் போவதை நானே பார்த்திருக்கிறேன்.

நாய்க்கடிக்கு வேறு பேச்சே கிடையாது. கடித்த இடத்தைச் சோப்புப் போட்டுக் குழாய்த் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு நேராகப் போக வேண்டியது சுகாதார நிலையம். வெளியே ஒவ்வொரு ஊசிக்கும் சில நூறு ரூபாய். ஒரு ஊசி போட்டுவிட்டு மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் போகாமல் விட்டால் அது விளையாட்டில்லை. ரேபிஸ் அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். கிராமத்தில் இது எல்லோருக்கும் தெரியும். ஹாஸ்டல் பசங்களுக்குத்தான் தெரிவதில்லை, மஞ்சள் வைக்கலாமா என்று கேட்கிறார்கள்!

காச நோய் கதை கொஞ்சம் நீளம். ஒரு காலத்தில் டி.பி. என்றால் ஊருக்கு வெளியே கொண்டுபோய் மாசக்கணக்கில் படுக்க வைப்பார்கள். தாம்பரம் பக்கம் 'சானடோரியம்' என்று ஒரு ரயில் நிலையம் இருக்கிறதே, அந்தப் பெயரே இதனால் வந்ததுதான். 1956-ல் சென்னையில் காச நோய் மருந்துச் சிகிச்சை மையம் ஒன்று தொடங்கினார்கள். நோயாளிகளில் ஒரு பாதியைச் சானடோரியத்திலும் மறு பாதியை அவரவர் வீட்டிலேயும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். நல்ல சாப்பாடும் படுக்கையும் இல்லாத குடிசை வீட்டிலும் மருந்தை ஒழுங்காகத் தின்றால் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமாகிறது என்று 1959-ல் முடிவு வந்தது. உலகத்துக்கே பாடம் சொன்ன ஆராய்ச்சி அது, நம்ம சென்னையில் நடந்தது! இன்றைக்கு உள்ளூர்ச் சுகாதார நிலையத்திலேயே ஆறு மாச மாத்திரை கிடைக்கிறது என்றால் அதற்கு அடிக்கல் அங்கேதான்.

ஆனாலும் காச நோய்க்காரர்களில் சிலர் சுகாதார நிலையத்தை ஒதுக்கிவிட்டுத் தூரத்து டவுனுக்குப் போகிறார்கள். நர்ஸம்மா வாசலில் வந்து நின்றால் தெருவுக்கே தெரிந்துவிடும், பெண்ணுக்கு மாப்பிள்ளை அமையாது என்ற பயம். தேடி வருவது எதற்கெல்லாம் பலமோ, அதுவே இங்கே பலவீனமாகிவிடுகிறது. இதை நான் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

"கவர்மெண்ட் மாத்திரையில பவர் இல்ல" என்று ஒரு பேச்சு உண்டு. நீங்களும் கேட்டிருப்பீர்கள். 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். டெண்டர் விட்டு மொத்தமாக வாங்கி, வந்த மருந்தின் மாதிரியை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிச் சோதித்த பிறகுதான் மாவட்டக் கிடங்கிலிருந்து வெளியே விடுகிறார்கள். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் பாங்க் பாஸ்புக் மாதிரி ஒரு புத்தகம், அதில் உள்ள தொகைக்கு வேண்டிய மருந்தை எடுத்துக்கொள்ளலாம். பல மாநிலங்கள் வந்து பார்த்துவிட்டுப் போன ஏற்பாடு இது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை மாசா மாசம் ஆயுசு பூராவும் வேண்டும். பவர் இல்லை என்று சொன்ன எங்கள் மாமாவே இப்போது அரசு மாத்திரைதான் சாப்பிடுகிறார். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியதிலிருந்து எங்கள் ஊரிலும் ஒரு அக்கா வீட்டுக்கே வந்து அழுத்தம் பார்த்துவிட்டு மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். மாமாவுக்குப் பிடித்தது மாத்திரை இல்லை, அந்த அக்கா "போன மாசத்தைவிட ஏறியிருக்கே, ஊறுகாய் தின்னீங்களா?" என்று கேட்கிறாரே, அது!

சரி, இத்தனைக்கும் போகிற ஜனங்கள் காய்ச்சலுக்கு மட்டும் ஏன் கிளினிக் வாசலில் நிற்கிறார்கள்? நேரம்தான், வேறென்ன! சுகாதார நிலையத்தில் புறநோயாளிச் சீட்டு காலையில். கட்டட வேலைக்குப் போகிறவன் காலையில் அங்கே நின்றால் அன்றைய கூலி போச்சு. கிளினிக் சாயங்காலம் ஆறு மணிக்குத் திறக்கிறது, ஒரு ஊசி போட்டு அனுப்பிவிடுகிறார்கள், மறுநாள் சித்தாளோடு சித்தாளாக ஏறி நிற்கலாம். அந்த ஊசி தேவையா இல்லையா என்பது வேறு விஷயம். நூறோ இருநூறோ கொடுத்து அவன் வாங்குவது மருந்தை இல்லை, மறுநாள் கூலியை. இவனைப் பார்த்து "விவரம் தெரியாதவன்" என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

இன்னொன்று, வாய். எல்லோரும் அப்படி இல்லை. ஆனால் "இத்தனை நாளா எங்க போயிருந்த?" என்று ஒரு தடவை நாலு பேர் முன்னால் திட்டு வாங்கின கிழவி மறு தடவை அந்தப் படி ஏறமாட்டாள். டாக்டர் மீட்டிங் போயிருக்கிறார், கேம்ப் போயிருக்கிறார் என்று இரண்டு முறை திரும்பி வந்தவனும் அப்படித்தான். அங்கே வேலை செய்கிறவர்கள் பக்கத்தையும் பார்க்க வேண்டும். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை நிலையம், 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது கணக்கு. ஒரு நர்ஸம்மா அந்த ஐயாயிரம் பேர் வீட்டு வாசலையும் ஏறி இறங்கி, ராத்திரி உட்கார்ந்து அத்தனையையும் செல்போனிலும் ஏற்ற வேண்டும். பக்கத்து துணை நிலையத்தில் இடம் காலியாக இருந்தால் அந்த ஊரும் இவர் தலையில். களைத்துப்போன மனுஷிக்குக் கோபம் வரத்தான் செய்யும்.

கூட்டம் இல்லாத சுகாதார நிலையத்தை யாராவது "ஜனங்களே வரலை, எதுக்கு இவ்வளவு செலவு?" என்று சொன்னால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். காய்ச்சல் சீட்டை மட்டும் எண்ணிப் பார்த்தால் அப்படித்தான் தெரியும். பிறக்கும்போதே ஊசி போட்டுக்கொண்டு நோய் வராமல் தப்பித்தவன் எந்தச் சீட்டிலும் வரமாட்டான். நம் ஹாஸ்டலில் படுத்துத் தூங்கிக்கொண்டிருப்பான்.

என்னிடம் ஒரே ஒரு யோசனைதான் இருக்கிறது, அதுவும் பெரிய யோசனை இல்லை. எங்கள் நிலையத்தில் வாரத்துக்கு மூன்று நாளாவது சாயங்காலம் ஐந்து முதல் எட்டு வரை டாக்டர் உட்கார வேண்டும், அதற்குத் தகுந்த ஆளையும் போட வேண்டும். இருக்கிற டாக்டரையே இன்னும் மூன்று மணி நேரம் பிழியச் சொல்லவில்லை. இப்போது வருஷத்துக்கு ஆறு தடவை கிராம சபை கூடுகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லிக் கேட்க ஊர்க்காரன் யாருக்கும் உரிமை உண்டு. நவம்பர் நமக்குப் பரீட்சை சமயம், ஆகாது. ஜனவரி 26-க்கு நான் ஊரில் இருப்பேன், கேட்கப் போகிறேன். நர்ஸம்மாவிடம் முன்கூட்டியே சொன்னேன். "கேளு தம்பி, அப்படியே துணை நிலையத்துக்கு ஒரு இன்வெர்ட்டரும் சேத்துக் கேளு" என்றார்.